தட்டின் எடை தெரியவில்லை

எங்கள் ஆபீஸில் யாராவது "வெளிய மழை பெய்யுது" என்று சொன்னால் நாங்கள் ஜன்னலைப் பார்க்க மாட்டோம், அவளைப் பார்ப்போம். அவள் நாற்காலியை விட்டு எழுந்து, ஜன்னலைத் திறந்து, முழங்கை வரைக்கும் கையை வெளியே நீட்டிக் கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு கையை உள்ளே இழுத்து, துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, "ஆமா, பெய்யுது" என்பாள். அதற்கப்புறம்தான் எங்களுக்கே மழை பெய்கிற மாதிரி இருக்கும்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், "என் பேரப் போட்டுக்கலாமான்னு என்னைக் கேட்டீங்களாணா?" என்று போன் வரும். கேட்டுவிட்டுப் போடலாம் என்றால், "என்ன எழுதியிருக்கீங்கன்னு படிச்சுட்டு சொல்றேன்" என்பாள். படித்தால் வரிக்கு வரி திருத்துவாள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

பெங்களூர் தொம்மலூர்ப் பெண். கோயிலுக்குப் பின்னால் ஆட்டோ திரும்ப முடியாத ஒரு சந்தில் வீடு. எங்கள் ஆபீஸும் அங்கேதான், பெரிய கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு மாடி வீட்டில் இருந்தது. மொத்தம் ஏழு பேர். ஆஸ்பத்திரிகளுக்குப் புரோகிராம் செய்து கொடுப்பது தொழில். நான் எழுதுகிறவன், அவள் அதை ஓட்டிப் பார்த்து எங்கே உடைகிறது என்று சொல்கிறவள். நான் காலேஜில் கம்ப்யூட்டர் படித்தவனில்லை. விவேக் நகரில் ஒரு பிரௌசிங் சென்டரில் ரிப்பேர் வேலை பார்த்தபடி, அதைக் கழற்றி இதைக் கழற்றிக் கற்றுக்கொண்டது. அதனால் எனக்கு ஒரு வேகம் உண்டு. வேகத்தில் வருகிற எல்லாத் தப்பும் உண்டு.

அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான். "பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

இந்தக் கேள்வி கூரியர்காரர், வாட்ச்மேன், முதலாளி எல்லாருக்கும் பொது. எங்கள் முதலாளி கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் புரியும், ஆனாலும் அவருக்கு மட்டும் மரியாதையாகக் கன்னடத்தில் கேட்பாள்: "நோடித்ரா ஸார், அந்த்கொண்ட்ரா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். டீ கொண்டுவருகிற ஆள் ஒருமுறை "சூடா இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டு, அவள் வாயைத் திறப்பதற்குள் தானே கிளாஸைத் தொட்டுப் பார்த்து, "இல்ல, ஆறிடுச்சு" என்று திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அந்த அளவுக்கு எங்களையெல்லாம் பழக்கி வைத்திருந்தாள்.

அவள் மேஜையில் ஒரு நீளமான நோட்டு இருக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேல் வைத்து இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் 'நான் பாத்தது', வலப்பக்கம் 'அவங்க சொன்னது' என்று தலைப்பு போட்டிருப்பாள். இடப்பக்கம் எழுதியதற்கு யார் வேண்டுமானாலும் அவளைப் பிடித்துக் கேட்கலாம். வலப்பக்கம் எழுதியதற்கு அவள் பொறுப்பில்லை. வலப்பக்கத்தில் அதிகம் இருந்த பெயர் என்னுடையது.

அவளைப் பெண் பார்க்க வந்த கதையை அவளே சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மா, "சமையல் தெரியுமாம்மா?" என்று கேட்டிருக்கிறார். எந்தப் பெண்ணும் தலையைக் குனிந்து "தெரியும்" என்று சொல்லி முடித்திருப்பாள். இவள், "சாம்பார் வச்சிருக்கேன், ரசம் வச்சிருக்கேன். பிரியாணி செய்யறப்ப அம்மா கூட நின்னிருக்கேன், தனியா செஞ்சதில்ல" என்றிருக்கிறாள். அந்த அம்மா சிரித்துச் சமாளித்துக்கொண்டு, "எங்க பையன் ரொம்ப நல்லவன்மா, கோவமே வராது" என்றாராம்.

"எப்பவுமேவாங்க?" என்று கேட்டாளாம் இவள்.

கேசரி பாதியில் நின்றது. வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

"கேட்டது தப்பாணா?" என்று என்னைக் கேட்டாள்.

"கேட்டது தப்பில்லம்மா. கேசரி முடியற வரைக்கும் வெயிட் பண்ணியிருக்கலாம்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளையே போன் செய்திருக்கிறார். "எப்பவும் இல்லீங்க. காலைல எழுந்ததும் ஒரு அரைமணி நேரம் வரும். டீ குடிச்சா போயிடும்." அவரையேதான் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு அடுத்த வாரம் ஆபீஸுக்கு வந்தவளிடம் எல்லாரும் என்னென்னவோ கேட்டார்கள். நான் ஒன்றுதான் கேட்டேன்: "அரைமணி நேரம்னாரே?"

"நாப்பது நிமிஷம்" என்றாள். சிரிக்கவேயில்லை. நாங்கள் சிரித்து முடிக்கும்வரை டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

இப்படிப்பட்டவளோடு வேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டுமானால், கொஞ்சம் வேலையைச் சொல்ல வேண்டும். விண்டோஸ் கம்ப்யூட்டருக்குள் ரெஜிஸ்ட்ரி என்று ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கான இழுப்பறைகள் வைத்த பெரிய அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புரோகிராமும் தனக்கு நினைவிருக்க வேண்டியதை ஒரு இழுப்பறையில் போட்டு வைக்கும், அடுத்த முறை ஓடும்போது திறந்து படித்துக்கொள்ளும். சில இழுப்பறைகள் அந்தக் கம்ப்யூட்டருக்கே பொது. சில, லாகின் செய்கிற ஆளுக்கு ஆள் தனி. திறக்கும்போது விண்டோஸிடம் எதற்காகத் திறக்கிறோம் என்று சொல்லிக் கேட்க வேண்டும்: படிக்க மட்டுமா, எழுதவுமா, எல்லாவற்றுக்குமா என்று.

நான் வழக்கமாக 'எல்லாவற்றுக்கும்' என்று கேட்டுவிடுவேன். என் கம்ப்யூட்டரில் நான்தான் ராஜா, கேட்டது கிடைக்கும். அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது நாள் என் புரோகிராம் ஒன்றைத் தன் மிஷினில் ஓட்டினாள். அவளுக்கு இருந்தது சாதாரண லாகின். விண்டோஸ் அனுமதி இல்லை என்றது, புரோகிராம் அப்படியே படுத்துவிட்டது.

"என் மிஷின்ல ஓடுதும்மா" என்றேன்.

"உங்க மிஷின தூக்கினு போயி ஆஸ்பத்திரில வைக்கப்போறோமாணா?" என்றாள். அப்புறம் என் புரோகிராமில் அந்த ஒரு வரியில் விரலை வைத்து, "படிக்கத்தானே வந்தீங்க? எதுக்கு மொத்த சாவிக்கொத்தையும் கேக்கறீங்க?" என்றாள்.

எனக்கு முகம் சிவந்தது. ஆனால் பேச்சு பிடித்துப்போனது. பிடித்த பேச்சை நான் விட மாட்டேன். அன்று சாயங்காலமே வீட்டில் என் மனைவி மணி பார்க்கிறேன் என்று என் போனை வாங்கி எல்லாவற்றையும் நோண்டிக்கொண்டிருந்தபோது, "படிக்கத்தானே வந்தே?" என்று எடுத்து விட்டேன். எடுபடவில்லை. சொல்கிறவர் சொன்னால்தான் சில பேச்சு எடுபடும்.

இன்னொன்றும் சொல்வாள். இழுப்பறையிலிருந்து ஒரு மதிப்பைப் படிக்கும்போது விண்டோஸ் இரண்டு பதில் தரும். ஒன்று, நீ கேட்டது இங்கே இருக்கிறதா இல்லையா. இரண்டு, இருந்தால் எவ்வளவு. நான் இரண்டாவதை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடுவேன். "ரெண்டு பதில் குடுக்குது பாவம், நீங்க ஒண்ணத்தான் காதுல வாங்கறீங்க. இல்லைன்னு ஒருத்தர் சொல்றப்ப அதையும் நின்னு கேக்கணும்ணா" என்பாள், ஏதோ விண்டோஸ் அவள் சின்ன மாமியார் மாதிரி.

இப்போது நான் வைட்ஃபீல்டில் பெரிய ஆபீஸில் இருக்கிறேன். எங்கள் டீமில் யார் எழுதினாலும், 'கிடைக்காவிட்டால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்' என்ற வரி என் கண்ணில் பட்டால் என் கை நின்றுவிடும். ஏன் நிற்கிறது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

பிறந்த குழந்தைகளை நிறுக்கிற தராசுக்கு ஒரு புரோகிராம் செய்தோம். தராசு வேறு கம்பெனியுடையது. தராசு சொல்கிற எடையைக் கம்ப்யூட்டரில் காட்டுவதும், எழுதி வைப்பதும் எங்கள் வேலை. தராசின் மேல் ஒரு தட்டு, தட்டின் மேல் மெத்தைத் துணி, அதன் மேல் குழந்தை. தட்டும் துணியும் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வேறு. அதனால் மிஷினை வைக்கிற அன்றைக்கே வெறும் தட்டையும் துணியையும் நிறுத்து, அந்த எடையை ரெஜிஸ்ட்ரியில் ஒரு இழுப்பறையில் போட்டு வைத்துவிடுவோம். புரோகிராம் ஒவ்வொரு முறையும் அதைப் படித்து, மொத்தத்தில் கழித்துவிட்டு, குழந்தையின் எடையை மட்டும் காட்டும்.

படிக்கப் போய் அது அங்கே இல்லையென்றால்? நான் பூஜ்யம் என்று போட்டிருந்தேன்.

அவள் வேலையை ஆரம்பிப்பதே இப்படித்தான், இருப்பதை முதலில் எடுத்துவிடுவாள். இழுப்பறையிலிருந்து தட்டின் எடையை அழித்துவிட்டு, கடையில் வாங்கிய ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டைத் தட்டில் படுக்க வைத்தாள். அதன்மேல் தன் கைக்குட்டையைக்கூடப் போர்த்தினாள். திரை 1.280 என்று காட்டியது.

"அண்ணா, வாங்க. பொறந்து அஞ்சு நிமிஷத்துல கொழந்தை எரநூத்தி எம்பது கிராம் ஏறிடுச்சு."

"அதெல்லாம் அழியாதும்மா. வைக்கிற அன்னிக்கே நாமதானே போடறோம்."

"அழியாதுன்னு பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

"சரி, இல்லைன்னா ஏதாவது ஒரு நம்பர் போட்டுத்தானே ஆகணும்?"

"எதுக்கு? ஆஸ்பத்திரி தட்டு எவ்ளோ எடைன்னு தொம்மலூர்ல உக்காந்துக்கினு உங்களுக்கு எப்படித் தெரியும்? பூஜ்யம்னா தட்டே இல்லைன்னு அர்த்தம். தட்டுதான் இருக்குல்ல, கொழந்தை அதுலதானே படுத்திருக்கு? தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வையுங்க. கம்ப்யூட்டருக்கு என்ன வெக்கம்?"

மாற்றினேன். தட்டின் எடை கிடைக்காவிட்டால் எண்ணே வராது. நீளமாக மூன்று கோடும், கீழே 'தட்டின் எடை தெரியவில்லை' என்ற வரியும் வரும். அவள் ஓட்டிப் பார்த்து இடப்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். தட்டின் எடையைத் திரும்பப் போட்டுவிட்டு, வேறொரு லாகினில் நுழைந்தும் ஓட்டினாள். அங்கேயும் மூன்று கோடு வந்தது. ஏனென்றால் நான் தட்டின் எடையை ஆளுக்கு ஆள் தனியான இழுப்பறையில்தான் வைத்திருந்தேன். பொது இழுப்பறையில் எழுத ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற சிஸ்டம் ஆளின் பாஸ்வேர்ட் வேண்டும். அவரைப் பிடிப்பது கஷ்டம்.

"வேற ஆளு லாகின் பண்ணா?"

"மொதல்ல வைக்கப்போற ஆஸ்பத்திரில ஒரே லாகின்தான். சிஸ்டம் ஆளு சொன்னார்."

வலப்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

பிறகு நடந்ததுதான் என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் சேல்ஸ்காரர் ஒரு டாக்டர் முன்னால் டெமோ காட்டியபோது மூன்று கோடு வந்துவிட்டது. அவர் தட்டின் எடையைப் போட மறந்திருந்தார், ஆனால் திட்டு எனக்குத்தான் விழுந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஜீரோ ஹாக்கி, முகீத்து" என்றார். பூஜ்யத்தைப் போடு, முடிந்தது. நானும் போட்டேன். ஒரே வரி. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் விட மாட்டாள் என்று தெரியும். புதிய புரோகிராமை வழக்கம்போல அவளிடமும் கொடுத்தேன், சேல்ஸ்காரருக்கும் நேராக மெயிலில் அனுப்பினேன். அடுத்த வாரம் அவர் அதை விவேக் நகர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தைகள் வார்டில் வைத்துவிட்டு வந்தார்.

ஒரு மாதம் ஒன்றும் இல்லை. ஒரு வியாழக்கிழமை, மதியத்துக்கு முன்னால், அந்த ஆஸ்பத்திரியின் சிஸ்டம் ஆள் பிரிண்டர் விஷயமாக எனக்குப் போன் செய்தார். "ஷிப்ட்டுக்கு ஒரு லாகின் குடுத்துட்டோம் ஸார். திங்கக்கிழமைலேருந்து. மத்தியான லாகின்ல பிரிண்டர் வரமாட்டேங்குது."

பிரிண்டரைப் பற்றி நான் என்ன சொன்னேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை. மத்தியான லாகின் புது ஆள். புது ஆளின் இழுப்பறையில் தட்டின் எடை இருக்காது. இல்லாவிட்டால் பூஜ்யம். திங்கள், செவ்வாய், புதன் மூன்று மத்தியானமும் அந்த வார்டில் நிறுத்த ஒவ்வொரு குழந்தையும் ஏறக்குறைய முந்நூறு கிராம் கூடுதல். ஒரு கிலோ எண்ணூறு கிராம் தாண்டினால்தான் அங்கே குழந்தையை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். ஒன்றரைக் கிலோக் குழந்தையையும் என் ஒரு வரி வீட்டுக்கு அனுப்பிவிடும்.

அவள் மேஜைக்குப் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், வெள்ளிக்கிழமையையும் சேர்த்து. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"எடை தப்பா போச்சுன்னு பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

"நெனச்சேன்."

"அப்ப கெளம்புங்க, பாத்துடலாம்." அதற்குள் போனை எடுத்துவிட்டிருந்தாள். வார்டு சிஸ்டரைப் பிடித்து, "சிஸ்டர், திங்கக்கிழமைலேருந்து மத்தியானம் நிறுத்த எடை எதையும் நம்பாதீங்க, நாங்க வர்றோம். யாரையாவது வீட்டுக்கு அனுப்பறீங்களா இன்னிக்கு?" என்று கேட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஒரு பொண்ணு போறா. டிஸ்சார்ஜ் எழுதியாச்சு, அம்மா துணி மாத்திக்கினு இருக்கா. ஏன், இன்னா ஆச்சு?"

"அந்தக் கொழந்தைய எப்ப நிறுத்தீங்க?"

"நேத்து மத்தியானம். இரும்மா, டாக்டர் கூப்பிடறாரு." போன் வைக்கப்பட்டது. திரும்பத் திரும்ப அடித்தோம். மணி போய்க்கொண்டே இருந்தது.

ஆட்டோவில் ஏறிய பிறகு அவள் ஒன்று சொன்னாள். "நீங்க வெள்ளிக்கிழமை குடுத்தத நான் ஓட்டிப் பாக்கலணா. நேரமில்ல. பாக்காதத நான் அனுப்ப மாட்டேன். அதுக்கு முன்னாடி பாத்தேன்ல, மூணு கோடு, அதத்தான் பென் டிரைவ்ல போட்டு சேல்ஸ்காரர் கைல குடுத்தேன்."

எனக்கு உயிர் வந்தது. "அப்ப கோடுதான் வந்திருக்கும்! ஒண்ணும் ஆகியிருக்காது!"

"குடுத்தத பாத்தேன். அவரு அங்க எத போட்டாருன்னு பாக்கல. நீங்களும் தனியா மெயில்ல அனுப்பினீங்கல்ல?"

வந்த உயிர் திரும்பப் போனது. சேல்ஸ்காரருக்கு அடித்தேன். ஹூப்ளி பஸ்ஸில் இருந்தார். "ரெண்டு இருந்துச்சு ஸார். எதோ ஒண்ணு போட்டேன். ஏன், ஓடலையா?" என்றார்.

சிக்னலில் ஆட்டோ நின்றது. விளக்கு பச்சையாகி, சிவப்பாகி, மறுபடி பச்சையாயிற்று, நாங்கள் நகரவில்லை. நான் ஆட்டோக்காரரைப் பார்த்தேன், அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஏன் ஸார், ஆஸ்பத்திரில யாருக்காவது சீரியஸா?" என்று கேட்டார்.

"சும்மா ஒரு வார்த்தை சொல்லேம்மா, ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு" என்று அவளிடம் கெஞ்சினேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் கெஞ்சினேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "எனக்கும் சொல்லணும்னுதான் இருக்குணா. பாக்காம எப்படி சொல்றது?" என்றாள். பிறகு, "எறங்கி நடக்கலாமா? நடந்தா இதவிட சீக்கிரம் போயிடலாம்" என்றாள். கடைசி ஒரு கிலோமீட்டர் நாங்கள் நடக்கவில்லை, ஓடினோம். முன்னால் ஓடியது அவள்.

வார்டு வாசலில் செருப்பைக் கழற்றினோம். சிஸ்டர் விவேக் நகர்க்காரர், அவருக்கு என்னைப் பிரௌசிங் சென்டர் காலத்திலிருந்தே தெரியும். "இன்னா தம்பி, இப்படி வேர்க்குது? தண்ணி குடி" என்றார்.

"கொழந்தை போயிடுச்சா சிஸ்டர்?" என்றாள் அவள்.

"எங்க போறது? உன் போன் வந்ததும் புடிச்சு வச்சிட்டேன். அந்தா உக்காந்திருக்கா பாரு அம்மாக்காரி, மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு."

"எடை எழுதற நோட்டு எங்க?"

சிஸ்டர் கொடுத்தார். அவள் பக்கத்தைத் திருப்பினாள். நான் பக்கத்தில் நின்றேன், எழுத்து கண்ணில் நிற்கவில்லை. காலை எடைகள் நீல மையில் இருந்தன. திங்கள் மத்தியானத்திலிருந்து எல்லா எடைக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் 'ப.த.' என்று எழுதியிருந்தது.

"இது என்ன சிஸ்டர், ப.த.?"

"பழைய தராசு! உங்க கம்ப்யூட்டர்ல மத்தியானம் ஆனா கோடு கோடா வருது, தட்டின் எடை தெரியலைன்னு ஒரே அழுகை. தெரியாதவங்கிட்ட கேட்டு இன்னா பிரயோஜனம்? ஸ்டோர்லேருந்து முள்ளு தராசக் கொண்டாந்து அதுலதான் நிறுக்கறோம் மூணு நாளா. போன் பண்ணித் திட்டணும்னு இருந்தேன், பிரிண்டரும் போச்சு, ரெண்டுத்துக்கும் சேத்து திட்டிக்கலாம்னு விட்டுட்டேன்."

நான் அங்கேயே, வார்டின் நடுவில், தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிஸ்டர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த மூன்று கோட்டை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன்!

அவளுக்கு இது போதவில்லை. "தப்பா நெனக்காதீங்க சிஸ்டர், அந்தக் கொழந்தைய இன்னொரு தடவை நிறுக்கலாமா? நான் பாக்கணும்" என்றாள். முள்ளுத் தராசின் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் குழந்தையை வைக்க விட்டாள். கிலோ எண்ணூற்று அறுபது. நேற்று எழுதியது எண்ணூற்று நாற்பது. "இருவது ஏறியிருக்கு" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

மற்ற வேலை சீக்கிரம் முடிந்தது. அவளிடம் தானே எழுதிய இருபது வரிப் புரோகிராம் ஒன்று உண்டு. இழுப்பறையைப் படிக்க மட்டும் திறக்கும், இருக்கிறதா இல்லையா என்று சொல்லும், எதையும் தொடாது. அதைக் காலை லாகினில் ஓட்டினாள்: இருக்கிறது, 310. மத்தியான லாகினில்: இல்லை. சிஸ்டம் ஆள் வந்து பாஸ்வேர்டைப் போட, நான் தட்டின் எடையைப் பொது இழுப்பறைக்கு மாற்றினேன், அங்கிருந்தே படிக்கும்படி வரியையும் மாற்றினேன். அவள் இரண்டு லாகினிலும் மறுபடி படித்துப் பார்த்தாள். 310, 310. வெள்ளிக்கிழமையின் பூஜ்யத்தை நான் என் கையாலேயே அழித்தேன். முதலாளியிடமும் நானே சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, கடைசியில், "சேல்ஸ்காரரிடம் இருக்கிறதையும் அழிக்கச் சொல்லு" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு எங்கள் ஆபீஸில் எழவில்லை.

ஆனால் அன்றைக்கு நாங்கள் கிளம்பும்போது அந்தக் குழந்தையின் அம்மா எங்களை நிறுத்தினாள். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. டவலில் சுற்றிய குழந்தையை நெஞ்சோடு பிடித்திருந்தாள். இரண்டு மணி நேரம் எதற்காகத் தன்னை உட்கார வைத்தார்கள் என்று அவளுக்குச் சரியாகப் புரியவில்லை. கம்ப்யூட்டர்க்காரர்கள் வந்தார்கள், குழந்தையைத் திரும்ப நிறுத்தார்கள், ஒருத்தன் தரையில் உட்கார்ந்து அழுதான். பயந்துபோயிருந்தாள். என்னை விட்டுவிட்டு, என்னோடு வந்தவளிடம் கேட்டாள்:

"அக்கா, எதையும் மறைக்காதீங்க. எம்பொண்ணு நல்லா இருக்காளா?"

சிஸ்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். நான் அவளைப் பார்த்தேன். ஐயோ, இவளிடம் போய்க் கேட்கிறாளே, டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவாளே என்று இருந்தது.

அவள் பையைக் கீழே வைத்தாள். குனிந்து, டவலைக் கொஞ்சம் விலக்கி, கைக்கடிகாரத்தை ஒரு கண்ணும் குழந்தையின் வயிற்றை ஒரு கண்ணுமாகப் பார்த்தபடி ஒரு நிமிஷம் முழுக்க அசையாமல் நின்றாள். வெளியே சர்ச் மணி அடித்தது, வராந்தாவில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள், நாங்கள் நாலு பேரும் அந்தச் சின்ன வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு தன் சுண்டுவிரலைக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்தாள். அது மூடிக்கொண்டது.

"மூச்சு சீரா வருது. கை சூடா இருக்கு. வெரல விட மாட்டேங்கறா" என்றாள். "நல்லா இருக்கா. கூட்டினு போங்க."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததை என்னால் எழுத முடியாது. டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதம் அந்தப் பெண்ணின் பையில் மடித்து இருந்தது. அதைப் பார்த்து அவள் இப்படிச் சிரித்திருக்க மாட்டாள். சிஸ்டர் வாசலில் ஆட்டோவைப் பிடித்து ஏற்றிவிட்டார், மெதுவாகப் போ என்று டிரைவரை இரண்டு தடவை மிரட்டினார்.

எனக்குப் பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. "வாம்மா, இட்லி சாப்பிடலாம்" என்றேன். அவள் காதில் விழவில்லை. ஆஸ்பத்திரி கேட்டைப் பிடித்துக்கொண்டு, அந்த ஆட்டோ தெருமுனையில் இடப்பக்கம் திரும்பி மறைகிற வரைக்கும், எக்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.